விருந்தினர் தங்கக் கூடாது

வாடகை ஒப்பந்தத்தில் ஏழு விதிகள்.
மூன்றாவது: இரவில் வெங்காயம் வதக்கக் கூடாது.
ஐந்தாவது: விருந்தினர் தங்கக் கூடாது.
கிளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பொங்கோல், பன்னிரண்டாம் மாடி.
மகளின் பேறுகாலத்துக்குத் தைப்பே போன திருமதி சுவா
செருப்பு மாட்டியபடி சொன்னார்:
மிஸ்டர் மனி, ஆ பாயைப் பார்த்துக்கொள்.
மாசிலாமணியில் அவருக்கு எட்டியது அவ்வளவுதான்.

ஆ பாய், பச்சை உடம்பு, பீச் பழ முகம்,
ஐந்து வருடமாக ஆண்பிள்ளை.
முதல் வாரம் என் கட்டைவிரல் நகத்தைக் காதலித்தது.
மென்ற தினையைக் கக்கி அதற்கு ஊட்டியது.
இரண்டாம் வாரம் காகிதம்.
என் வேலை அனுமதிக் கடிதத்தைத்
தீக்குச்சி அகலத்துக்குக் கிழித்து
வாலுக்கு மேலுள்ள இறகுகளில் செருகிக்கொண்டு
கூடத்தைக் கடந்து பறந்தது.
பாதி வழியில் உதிரும்.
திரும்பி வந்து எடுக்காது. புதிதாகக் கிழிக்கும்.

என் சட்டை இழுப்பறையைத் தேர்ந்தெடுத்திருந்தது.
கை விட்டேன், கடித்தது.
ரத்தத்தைச் சப்பியபடி உள்ளே பார்த்தால்
நீலக் கோடுபோட்ட சட்டையின் மேல்
இருபது காசு எடையில் ஒரு வெள்ளை.

ஆ பாய் முட்டையிட்டான்
என்று சேந்தனுக்குத் தட்டினேன், அழித்தேன்,
இட்டாள் என்று மாற்றி அதையும் அழித்து
படத்தை மட்டும் அனுப்பினேன்.
ஜோடி இல்லாமலா, என்று கேட்டான்.
நாமக்கல்லில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா?
நம் ஊர் லாரிகளில் போனது அத்தனையும்
சேவல் முகம் பாராதவை.

தைப்பேயிலிருந்து குரல் செய்தி:
எடுக்காதே. எடுத்தால் குறைகிறதென்று மறுபடி இடும்.
தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓடு செய்கிறது அது.
கணவாய் ஓடு வாங்கி வை.
ஆறு மணிக்கே இருட்டாக்கு.
சற்று நிறுத்தி,
முதுகைத் தடவினாயா?

தடவினேன்.
வேலை முடிந்து வந்த மாலைகளில்
பிடரியிலிருந்து வால்வரை, செய்தி பார்த்துக்கொண்டே.
தலை மட்டும்தான், மிஸ்டர் மனி.
முதுகு என்றால் அதற்கு வேறு அர்த்தம்.
முப்பத்து நான்கு வயதில்
துணி காயும் மூங்கில் கழிகளுக்கிடையே நின்று
வெட்கப்பட்டேன்.

வருடம் முழுக்க ஏழேகாலுக்கே பொழுது சாயும் ஊர்.
பருவமே மாறாத இடத்தில்
அதற்கு மட்டும் எப்படிப் பருவம் வந்தது?
என் கைதான் போலிருக்கிறது.

ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து.
நான்காவதன் அன்று தைப்பேயில் பெண்குழந்தை, மூன்று கிலோ.
வாழ்த்து அனுப்பினேன்.
பதில் வாழ்த்து வந்தது, ஆ பாய்க்கும் சேர்த்து.
இரண்டே சட்டைகளை மாற்றி மாற்றித் துவைத்தேன்.
ஆறு மணிக்கு விளக்கணைத்து
இருட்டில் தயிர்ச்சோறு தின்றேன்.
என் அறையில், அதன் அனுமதியோடு.

அது தண்ணீர் குடிக்கப் போன நிமிடத்தில்
கைப்பேசி வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன்.
சிவப்பு நூல் எதுவும் ஓடவில்லை.
சுத்தமான மஞ்சள் வெளிச்சம்.
தெரிந்ததுதான். ஆனாலும் பார்த்தேன்.

இருபத்தாறாம் நாள் வெளியே வந்தது.
சோளம் தின்றது. கிண்ணத்தில் குளித்தது.
இழுப்பறைப் பக்கம் திரும்பவே இல்லை.
ஆறுதலுக்கு இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன்,
என் தோளில் ஏறிச் சட்டைப் பித்தானைக் கடித்தது.

ஐந்தையும் என்ன செய்வதென்று விதி இல்லை.
குப்பைக் குழாயைத் திறந்து ஒவ்வொன்றாக நான்கை விட்டேன்.
பன்னிரண்டு மாடி. சத்தம் மேலே வரவில்லை.
பக்கத்து வீட்டு காக் சுராயா பையோடு காத்திருந்ததால்
ஐந்தாவதை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டேன்.

சிராங்கூனில் கூட்டம் ஏறியபோதுதான் நினைவு வந்தது.
நெஞ்சின்மேல் உள்ளங்கையைக் குவித்து
மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன்.
என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ,
பள்ளிச்சீருடைப் பையனை எழுப்பி
ஒரு அம்மாள் இடம் காட்டினார்.
டோபி காட் வரைக்கும் இன்னும் நான்கு நிறுத்தம்.
உட்கார்ந்தேன்.